மாமனாரின் தலைக்கு மேல் ஒரு டொக்

திருவள்ளூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு மின்விசிறி இருந்தது. வீட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஐம்பதுகளில் எங்கள் தெருவில் மின்விளக்கு போட்ட வீடுகளே கொஞ்சம்; விசிறி மாட்டியது இது ஒன்றுதான். வீட்டுக்காரர் பழவேற்காட்டு பாய், கருவாடும் கயிறும் மொத்த வியாபாரம். முன்கட்டில் அவர் குடும்பம், பின்கட்டில் நாங்கள். சென்னையில் ஏதோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி மூட்டை கட்டிக் கப்பலேறியபோது ஏலத்தில் எடுத்த விசிறி அது. அதைத் தன் முன்கட்டில் மாட்டாமல் வாடகைக்கு விடும் பின்கட்டில் ஏன் மாட்டினார் என்று கேட்டேன்.

"எங்க ஊட்டம்மாவுக்கு அதுக்கு அடியில ஒக்கார பயம் சார். நீங்க படிச்சவரு, பயப்பட மாட்டீங்க" என்றார்.

பாய் என் படிப்பை மதித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என் மாமனார் வந்திருந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் நெல் பயிரிடுகிறவர், நல்ல உயரம். நான் என் ஆயுதங்களாக ஒரு பேனாவையும், பாதி படித்து வைத்த சில புத்தகங்களையும் சாமி படத்தின் முன் அடுக்கியிருந்தேன். அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"இன்னா மாப்ள, ஊர்ல நாங்க கலப்பை, மம்முட்டி, ஏத்தம் எல்லாத்துக்கும் பொட்டு வெக்கிறோம். இந்த ஊட்ல வேலை செய்யறது அது ஒண்ணுதான். அத்த வுட்டுட்டீங்களே?"

சொல்லிவிட்டு முக்காலியின் மேல் ஏறினார். நான் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய வேட்டிக் கரைதான். இறங்கி வந்தபோது மூன்று இறக்கைகளிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. "மேல செய்ய வேண்டியதையும் செஞ்சிட்டேன்" என்றார். என்ன என்று நான் கேட்கவில்லை. மாமனார்களிடம் விவரம் கேட்டால் விவரம் சொல்லிவிடுவார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விசிறியை நிறுத்தினோம். பனி முடிந்து பங்குனி வெயில் வரும்வரை அது சந்தனப் பொட்டோடு சும்மாவே தொங்கியது.

பங்குனியில் மாமனாருக்குக் கண் அறுவை. இடது கண் சிறு வயதிலேயே கருவேல முள் குத்திப் போய்விட்டது. இருந்தது வலது கண் ஒன்றுதான். அதிலும் புரை முற்றியிருந்தது. அறுப்பு முடியட்டும், போரடி முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் விழுந்து எழுந்த பிறகுதான் சம்மதித்தார். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். இப்போதுபோல அன்றைக்கே எழுந்து நடக்கிற காலமில்லை அது. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்து, மல்லாக்கப் படுக்கப் போடுவார்கள். மாமனார் அந்த நிலையிலும் பக்கத்துக் கட்டில்காரரோடு ஏரித் தண்ணீர் விஷயமாக வாக்குவாதம் செய்து, சூடு பிடித்துத் தலையைத் திருப்பிவிட்டார். டாக்டர் பயந்துபோனார். பேச்சுத்துணை இல்லாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கிடத்துங்கள் என்றார். உடனே எல்லோருக்கும் என் வீடு நினைவுக்கு வந்தது.

வாடகைக் காரில் ஊர்ந்துகொண்டே திருவள்ளூர் கொண்டுவந்தோம். நிபந்தனைகள் கடுமையானவை. தலை அசையக் கூடாது. இருமக் கூடாது. வியர்வை கட்டுக்குள் இறங்கக் கூடாது. கை கண்ணுக்குப் போகவே கூடாது. படுத்திருக்கும் கட்டிலைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது. மீறினால் தையல் விட்டுப்போகும், கண்ணும் போகும். கட்டிலை விசிறிக்கு நேர் கீழே போட்டோம். சுவிட்சைப் போட்டேன்.

முதலில் ஒரு முனகல். அப்புறம் ஒரு கிறீச். வேகம் பிடித்ததும், டொக், டொக், டொக்.

"மாப்ள, மேல இன்னாது?"

"ஃபேன் மாமா."

"அது தெரியிது. அது இன்னா சொல்லுது?"

நியாயமான கேள்வி. கண் தெரிகிறவன் விசிறியைப் பார்த்துச் சமாதானமாகிவிடலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு அதன் அடியில் மல்லாந்து கிடக்கிறவனுக்குச் சத்தம் மட்டுந்தான் கதி. ஏறிப் பார்க்கவும் வழியில்லை. முக்காலி போடவேண்டிய இடத்தில் மாமனார் இருந்தார்.

எனக்கு எதற்கும் புத்தகம் வேண்டும். நூலகத்தில் மின் இயந்திரங்களைப் பற்றி ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அது முழுக்கக் கப்பல்களில் வைக்கும் டைனமோவைப் பற்றியது என்பது கடைசி அத்தியாயத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்குள் நான் கட்டிலருகே உட்கார்ந்து விளக்க ஆரம்பித்திருந்தேன். முனகல், சுருளில் மின்சாரம் ஓடுவது, கெடுதல் இல்லை. கிறீச், கொக்கியில் எண்ணெய் இல்லாதது. அதுவும் கெடுதல் இல்லை. டொக் என்பது உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகள் தேய்ந்திருப்பது.

"தேஞ்சா?"

"ஆடும்."

"ஆடினா?"

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேன்தான். ஆனால் ஒரு மூச்சு தாமதமாக, "விழும்" என்றபின். மாமனாரின் கைகள் கட்டில் சட்டத்தைப் பிடித்தன. கழுத்து நரம்பு புடைத்தது. என் மனைவி பாய்ந்து வந்து அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"நைனா, அசையாத. அவரு புஸ்தகத்துல இருக்கறதச் சொல்றாரு. நம்ம ஊட்ல இருக்கறத இல்ல."

அதற்குப் பிறகாவது சும்மா இருந்தேனா என்றால் இல்லை. விசிறியை நிறுத்திவிட்டு, ஒட்டடைக் கொம்பின் முனையில் துணி சுற்றி, விளக்கெண்ணெயில் தோய்த்து, சுவரோரமாக நின்றபடியே அதன் இடுப்பில் பூச முயன்றேன். குறி தப்பியது. ஒரு சொட்டு மாமனாரின் மார்பில் விழுந்தது.

"மாப்ள, மழையா?"

"இல்ல மாமா, எண்ணெ."

"பாத்து. கண்ணு ஒண்ணுதான் கீது."

சிரிப்பதுபோலத்தான் சொன்னார். கொம்பு என் கையில் தானாகக் கீழே இறங்கியது.

சத்தம் முன்கட்டுக்கும் எட்டி, பாய் வந்து வாசற்படியில் நின்று காதைக் கொடுத்தார்.

"வெள்ளக்காரன் ஊட்ல மூச்சு வுடாம சுத்திக்கினு இருந்த பங்கா சார் இது. உங்க கையில வந்து இன்னா பேஜாரு பண்ணுது பாருங்க. கொக்கி நானே நின்னு போட்டது. யானையத் தொங்க வுடலாம்."

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "யானைய எங்கனா தொங்க வுடுங்க பாய். என் மேல வாணாம்."

கடம்பத்தூரில் ஒரு மின்சார ஆள் இருந்தார். பாய் ஆளனுப்பி விசாரித்தார். ஏணியை எங்கே போடுவது என்று அவர் கேட்டனுப்பினார். கட்டிலின் மேல்தான் என்றோம். பெரியவர் எழுந்து உட்கார்ந்த பிறகு சொல்லியனுப்புங்கள் என்று பதில் வந்தது.

மறுநாள் மத்தியானம் மாமனார் தாமே விசாரணையை எடுத்துக்கொண்டார். "போடுங்க. மெதுவா வையிங்க. நிறுத்துங்க. மறுபடி போடுங்க." நான் சுவிட்சுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் நின்று சொன்னதைச் செய்தேன். அவர் வாயைக்கூட லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இரும்பு மேல இரும்பு பட்டா கணீர்னு இருக்கும் மாப்ள. இது அப்பிடி இல்ல. வெதைக்கின்னு சொரைக்காய காய வெச்சித் தட்டினா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி கீது. காஞ்ச சத்தம்."

விசிறிக்குள் சுரைக்காய் வைக்கும் வழக்கம் இல்லை என்று புத்தகத்தைப் புரட்டியபடியே சொன்னேன். அவர் விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நிறுத்திடுங்க மாப்ள. எனக்குக் காத்து வாணாம்" என்றார்.

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். என் குண்டுப் பிரசங்கம்தான் காரணம் என்று எனக்கு உள்ளூர உறுத்தலாகவும் இருந்தது.

விசிறி நின்ற அறையில் பங்குனி மத்தியானம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மனைவி பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டாள். அவள் கை ஓய்ந்தால் நான். என் கை சீக்கிரம் ஓய்ந்தால் மறுபடி அவள். அப்படியும் அவர் நெற்றியில் முத்து முத்தாகப் பூத்தது. ஒரு முத்து உருண்டு கட்டின் ஓரத்துக்குள் போனது. அவருடைய வலது கை மெல்ல எழும்பிக் கண்ணை நோக்கிப் போனது.

மனைவி ஓலை விசிறியைக் கீழே போட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நைனா! கண்ணு வேணுமா வாணாமா?"

"அரிக்கிதும்மா."

"அப்ப காத்து இன்னாத்துக்கு வாணாம்ன? உழுந்தா என் தலையிலயும்தான் உழும். நானும் இங்கதான ஒக்காந்துக்கினு இருக்கறேன்? போடுங்க அத்த, முழுசா வையிங்க!"

கடைசி வாக்கியம் எனக்கு. நான் சுவிட்சைப் போட்டு, ரெகுலேட்டரைக் கடைசிவரை திருகினேன். திருகிவிட்டு, என் அறிவியல் நம்பிக்கையின் அளவுக்குத் தக்கபடி, வாசற்படிக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

டொக் டொக் என்றிருந்தது டொகடொகவாகி, ஒரே கடகடப்பானது. பட்டென்று எதுவோ அறுந்தது. ஒரு சின்னக் கறுப்பு உருண்டை எதிர்ச்சுவரில் போய் மோதி, தரையில் குதித்து, கட்டிலுக்கு அடியில் ஓடியது. மனைவி தகப்பனாரின் முகத்துக்கு மேல் கவிழ்ந்துகொண்டாள். மாமனார் அசையவில்லை. தலை மணல் பைகளுக்கு நடுவே பதித்து வைத்ததுபோல இருந்தது. கால் கட்டைவிரல்கள் மட்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முனகல் இருந்தது, கிறீச்சும் கொஞ்சம் இருந்தது. டொக் இல்லை.

மனைவி குனிந்து உருண்டையை எடுத்தாள். சுருங்கி, கறுத்து, கல்லாகக் காய்ந்த ஒரு எலுமிச்சம்பழம். நடுவில் ஓட்டை, அதில் சிவப்பு நூல் கொஞ்சம்.

"இன்னாம்மா அது?" மாமனாரின் குரல் வழக்கத்தைவிட மிருதுவாக இருந்தது.

"எலுமிச்சம்பழம்."

"ம்."

"ஆயுத பூஜையன்னிக்கு வாசல்ல கட்றேன்னு எங்கிட்ட ஒண்ணு வாங்கினியே நைனா. வாசல்ல காணமேன்னு அப்பவே பாத்தேன்."

"தெருவுக்கே ஒரு ஃபேனு. நாலு பேரு கண்ணு படாதா? கொக்கி கிட்டதான் கட்டினேன். நூலு நெகிழ்ந்து எறக்கை வரைக்கும் எறங்கிக்கினு இருக்கும்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன். வாசற்படியிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன்.

"நீங்க புஸ்தகம் வெச்சிக்கினு குண்டு குண்டுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. மாப்ள பேசறப்ப குறுக்க பேசலாமா?"

அன்று சாயங்காலம்வரை நன்றாகத் தூங்கினார். பிறகு வந்த நாட்களிலும் விசிறி நிற்கவில்லை, கட்டும் நனையவில்லை.

கட்டு அவிழ்த்து, கண் ஆறி, சோடாப் பாட்டிலின் அடிப்பாகம்போல ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, ஆடி மாதத்தில் ஒரு நாள் ஊரிலிருந்து வந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தினி நரைச்சிப்போச்சா மாப்ள?" என்றார். போய்ப் பழைய கட்டிலில் மல்லாந்து படுத்தார்.

"அந்த ஃபேனு குழாய்ல நூலு இன்னும் கீது பாருங்க. செவப்பா."

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டிலை நகர்த்தி முக்காலி போட்டு ஏறினேன். இந்த முறை அவர் என் கால்களைப் பிடித்துக்கொண்டார். குழாயோடு ஒட்டிக்கொண்டு, விரல் நீளத்துக்கு, சிவப்பு நூல்.

"அறுத்துடுங்க" என்றார் கீழேயிருந்து. "இனிமே சந்தனம் போதும்."

அறுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்.