பெரிய கிளார்க்குக்கு ஒரு சொதி விருந்து

கிறிஸ்மஸுக்கு மறுநாள் என் வீட்டில் ஒரு பகல் விருந்து நடந்தது. விருந்தாளிகள் இரண்டே பேர். உப்பு சரி, காரம் சரி. ஆனாலும் அந்த விருந்தால் ஒருவருக்கு வேலை போய்விட்டது. நல்லவேளை, எனக்கில்லை.

இந்த 'நல்லவேளை'யை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன், பாருங்கள்.

தேயிலை விலையும் ரப்பர் விலையும் விழுந்ததில் கண்டியில் ஆபீஸுக்கு ஆபீஸ் ஆள் குறைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீஸிலும் புது வருடத்தோடு ஒரு கிளார்க் போக வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். யார் என்று எழுதிக் கொடுப்பவர் பெரிய கிளார்க் செல்லத்துரை, யாழ்ப்பாணத்துக்காரர். கடைசியாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் என்று பேச்சு. கடைசியாகச் சேர்ந்தவர்கள் நானும் அந்தோணிமுத்துவும். ஒரே நாளில் சேர்ந்தோம். எங்களுக்குப் பிறகு யாரையும் சேர்க்கவில்லை. ஆக, தலை நரைத்த பிறகும் நாங்கள்தான் கடைசி!

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரியவரை விருந்துக்குக் கூப்பிட்டால் என்ன? (யோசனை என்பது நாகரிகமான சொல். நடுக்கம் என்று படித்துக்கொள்ளுங்கள்.)

அந்தோணியிடம் மறைக்கவில்லை. எப்படி மறைப்பது... உட்காரக் கதிரை இரவல் வேண்டுமே! என் வீட்டில் இருப்பது இரண்டு. அதில் ஒன்றுக்கு மூன்று கால். பக்கத்து மேட்டில் இருக்கும் அந்தோணி வீட்டில் அவன் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த தேக்குக் கதிரை ஆறு, பூப்போட்ட பீங்கான் தட்டு ஒரு டஜன். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவ்வளவுதான் சொத்து. கேட்டதும் தூக்கிக் கொடுத்தான்.

"எடுத்துக்கங்க அண்ணே. எனக்குக் கதிரை இருக்கு, வாய் இல்ல. உங்களுக்கு வாய் இருக்கு. பெரியவர்கிட்ட என்னையப் பத்தியும் நாலு வார்த்தை நல்லதாப் போட்டு வைங்க."

போடுகிறேன் என்றேன்.

பெரியவருக்கு வசதியான நாள் வெள்ளிக்கிழமையாம். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தவனுக்கு, வாவிக்கரையில் நடக்கும்போதுதான் உறைத்தது. வெள்ளி! கத்தோலிக்க வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி ஏது? நான் ஏற்கெனவே ஒரு கிடாய்க்குச் சொல்லி வைத்திருந்தேன். மீன் என்றால், கிறிஸ்மஸுக்கு மறுநாள் கண்டி மலைக்கு எந்த மீன் ஏறி வரும்? பங்குச் சுவாமியாரிடம் ஓடினேன். வாத்து தண்ணீரில்தானே நீந்துகிறது, அதை மீனோடு சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். சுவாமியார் கதவைச் சாத்தினார்.

காப்பாற்றியவள் என் மனைவி பிலோமினா. அவளுடைய ஆட்கள் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

"எதுக்கு இப்படி வேர்த்துப் போய் ஓடுறீங்க? எங்க பக்கம் புது மாப்பிள்ளைக்கே சொதிதான். இறைச்சி எதுக்கு?"

தெற்கத்திச் சொதியை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா? தேங்காயில் மூன்று தடவை பால் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் பருப்பு சேரும், கெட்டியான முதல் பால் இறக்கும்போது விழும். முருங்கைக்காய், போஞ்சி, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், இஞ்சிச் சாறு, தேசிக்காய்ப் புளி. பக்கத்தில் இஞ்சித் துவையலும் கிழங்கு வறுவலும் அப்பளமும். அவ்வளவுதான் விருந்து. வேறு கறி வைத்தால் சொதிக்கு மரியாதைக் குறைவு.

மறுநாள் பெரியவர் மேசைக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுல சொதிச் சாப்பாடு ஐயா. அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரணும்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"கிறிஸ்மஸுக்குச் சொதியோ?"

"சொதியேதான் ஐயா."

அவர் முகம் இளகியது. என்றும் இல்லாத அதிசயமாக எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "வாறம்... கட்டாயம் வாறம்."

அவருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

குண்டசாலையிலிருந்து பதினைந்து தேங்காய் வந்தது. துருவியதில் என் பெருவிரல் பாதி போனது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். பெரியவரின் மனைவி கையில் ஒரு பெரிய பை. பிரித்தால் கேக், சர்க்கரை, பால் டின், ஒரு சின்ன மூட்டை அரிசி. கிறிஸ்மஸ் பரிசு என்று பல்லைக் காட்டி வாங்கி வைத்தேன். அரிசியை யாராவது கிறிஸ்மஸ் பரிசாகக் கொடுப்பார்களா? அன்று எனக்குத் தோன்றவில்லை.

சாப்பாடு? ஆளுக்கு ஓர் அகப்பைச் சோறு. வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். நான் கெஞ்சக் கெஞ்ச அந்த அம்மாள் தட்டைக் கையால் மூடினாள். பெரியவர் கதவோரம் நின்ற எங்கள் பிள்ளைகளைப் பார்த்தபடி அவள் பக்கம் குனிந்து சொன்னது என் காதில் விழுந்தது: "காணும், காணும். பிள்ளையளுக்கு வேணுமெல்லே."

சொதி பிடிக்கவில்லை, வேலை போச்சு! பேச்சை மாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து அவரே கதிரையின் கையைத் தடவி, நல்ல தேக்கு என்றார். அந்தோணிக்கு நாலு நல்ல வார்த்தை போட இதைவிட வேறு நேரம் வாய்க்குமா?

"நம்ம அந்தோணிமுத்து வீட்டுக் கதிரை ஐயா. இந்தப் பீங்கானும் அவனோடதுதான். கேட்டதும் கொடுத்துட்டான். தங்கமான மனுசன்."

"ஓ..." என்றார் பெரியவர். "அவரிட்ட இவ்வளவும் இருக்கோ."

திங்கட்கிழமை லிஸ்ட் வந்தது. அந்தோணிமுத்துவின் பெயர்.

பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு கனிவு.

"உம்மட வீட்டு நிலைமையைக் கண்ணால கண்டனான். பெருநாளுக்கு ஒரு துண்டு இறைச்சியில்லை, வெறும் சொதி. இருக்கிறதுக்குக் கதிரையும் இரவல். அவருக்கு வசதி இருக்கு, சமாளிப்பார். நீர் யோசியாதையும்."

யாழ்ப்பாணத்து வீட்டில் சொதி என்றால் என்ன? இடியப்பத்தை நனைக்கும் தண்ணீர்ப் பால். கறிக்கு வழியில்லாத நாளில் சோற்றுக்கு அதுவே துணை. எனக்குத் தெரியாததா? பெரியவர் வீட்டிலேயே குடித்திருக்கிறேன். என் நடுக்கத்தில் அது மறந்தது. வேதக்காரரானாலும் அவர் வேறு சபை. கத்தோலிக்கனின் வெள்ளிக்கிழமை அவருக்கு ஞாபகமில்லை.

ஒரு வாக்கியம் போதும். ஐயா, அது ஏழைச் சாப்பாடு இல்லை, எங்கள் மாப்பிள்ளை விருந்து. அந்தக் கதிரைகள் மட்டும்தான் அவனுக்கு உள்ளவை... வாக்கியம் தொண்டை வரை வந்தது. வாய் உள்ளவன் என்று பெயர் எடுத்த நான் வாயைத் திறந்தேன்.

"புது வருட வாழ்த்துகள் ஐயா," என்றேன்.

அன்று மாலை அந்தோணி கதிரைகளை எடுக்க வந்தான். இரண்டை நான் தூக்கினேன். மேட்டில் ஏறும்போது, என்னைப் பற்றிப் பெரியவரிடம் பேசினீர்களா என்று கேட்டான். பேசினேன், நல்லதாகத்தான் பேசினேன் என்றேன். பொய் இல்லையே! மூச்சு வாங்க நின்றவன் சொன்னான்:

"நம்ம ரெண்டு பேருக்கும் போயிருமோன்னு பயந்தேன். உங்களுக்காவது தப்பிச்சிருச்சில்ல அண்ணே."

இப்போது அவன் நாவலப்பிட்டியில் வேலை தேடுகிறான். நான் அதே மேசையில் இருக்கிறேன். நாங்கள் பங்கு போட்ட மை போத்தல் முழுவதும் எனக்கே.

இதையெல்லாம் அச்சில் போட்டால் வேலை போகாதா என்று கேட்கிறீர்களா? போகாது. பெரியவர் இங்கிலீஷ் பேப்பர் மட்டும்தான் படிப்பார். நான் எழுதும் இந்தத் தமிழ்ப் பக்கத்தை வாராவாரம் முதலில் பிரிப்பவன் அந்தோணி.