நிறுத்தத்தில் மட்டுமே இறங்கும் படை

எங்கள் உறவுக்குள் டைம்கீப்பர் என்றால் ஒருவர்தான். என் சின்ன மாமன் மகளைக் கட்டியவர். பேருந்துப் பணிமனையின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதியவர். மகள் பிறந்த செய்தியை வெளியே வந்து சொன்ன நர்ஸிடம், “டாக்டர் சொன்னதுக்குப் பன்னெண்டு நிமிஷம் லேட்” என்றாராம். அந்த மகளே இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஓய்வு பெற்ற மறுநாளே தெருமுனை நிறுத்தத்தில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். நாலு நாளில் ஓட்டுநர்கள் அவர் தலையைக் கண்டாலே நிறுத்தாமல் போனார்கள். நிறுத்தத்தில் நின்றவர்கள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். அப்போதுதான் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். பெரிய கட்டடங்களில் கீழும் மேலுமாகப் போய்வந்தே தலை நரைத்தவர்.

பெட்டிக்குள் விரல் நுனி உயரத்தில் சிப்பாய்கள், டாங்கிகள், லாரிகள். உள்ளே எது இருக்கும் என்று பிரிக்கும்வரை தெரியாது. அதற்காகவே மேலும் மேலும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இருவரும் அதில் சேர்ந்தார்கள். ஆட்டம் லேசானதுதான். ஆறு மூலைக் கட்டங்கள் போட்ட பலகை. நடுவில் ஒரு குன்று. ஏழு சுற்று முடியும்போது குன்றில் யாருடைய ஆள் நிற்கிறானோ அவருக்கு வெற்றி. சிப்பாய் ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம்தான் நடப்பான், குன்றோ எட்டுக் கட்டம் தள்ளி. லாரி ஒரே சுற்றில் நாலு கட்டம் ஓடும். ஆகவே ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் லாரி அடிபட்டால் உள்ளே இருக்கிறவர்களும் அதோடு போனார்கள்.

டைம்கீப்பருக்கு லாரியைக் கண்டதும் இழந்த பதவி திரும்பி வந்தது போலிருந்தது. பின்னறையில் மேஜை போட்டார், சுவரில் பெரிய கடிகாரம் மாட்டினார், ஒவ்வொரு லாரிக்கும் எண் எழுதினார். ஒரு நோட்டில் புறப்பாடு, வருகை. குன்றின் உச்சியில் தீக்குச்சி நட்டு அதுதான் நிறுத்தம் என்றார். நிறுத்தம் வரும்வரை ஒருவனும் இறங்கக் கூடாது.

எதிர்ப்பக்கம் மச்சானுடைய டாங்கி குன்றைப் பார்த்தபடி சும்மா நிற்கும். லாரி ஏறி வரும். மச்சான் டாங்கியால் சுட்டு, பட்டதா என்று பகடையை உருட்டுவார். லாரி காலி.

“மாப்பிள்ளை, கொஞ்சம் முன்னாடியே இறக்கி நடக்க விட்டா என்ன?”

“நடுரோட்டுல இறக்கிவிட்டு ஒருத்தன் அடிபட்டா யார் பதில் சொல்றது?”

“இப்ப மொத்தமா அடிபட்டாங்களே?”

“அது நிறுத்தத்துல பட்ட அடி மச்சான். அதுக்கு நான் பொறுப்பில்லே.”

இப்படியே ஆறு வருடம். ஒரு ஞாயிறுகூட அவர் ஜெயித்ததில்லை.

இதற்குள் என் மாமன் மகளுக்குத் தையல் பெருகிவிட்டது. மெஷின் கிடந்ததோ சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள சந்தில். குளிக்கப் போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தைத்த துணி ஃப்ரிட்ஜ் மேல், தைக்காதது கட்டில் மேல். ஒருநாள் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“இந்த ஞாயித்துக்கிழமை எங்க அண்ணனை ஒரே ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டுங்க. ரூம் உங்களுக்கே. இல்லேன்னா என் மெஷின் உள்ளே வரும், உங்க சண்டை வெளியே போகும்.”

அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் அவர் சொன்னால் சொன்னபடி கேட்பவை அந்த அறையிலிருந்த லாரிகள் மட்டும்தான்.

ஞாயிறு வந்தது. மூன்று லாரி, மூன்று குழு. முதல் இரண்டும் வழக்கம்போலக் குறித்த நேரத்தில் உச்சிக்குப் போய், குறித்த நேரத்தில் எரிந்தன. நாலாவது சுற்றின் முடிவில் மூன்றாவது லாரி குன்றுக்கு இரண்டு கட்டம் இந்தப் பக்கம், ஒரு தோப்பின் மறைவில் நின்றது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

அவள் மெஷின் எங்கே போடலாம் என்று டேப்பால் சுவரை அளந்துகொண்டிருந்தாள். பலகையை எட்டிப் பார்த்துவிட்டுப் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்.

“முன்னாடி டிராஃபிக் நின்னுருக்குன்னு தெரிஞ்சா பஸ்ல எவ ஸ்டாப் வரைக்கும் உக்காந்திருப்பா? இறங்கி நடந்துட மாட்டாளா? அவனுங்களை இங்கேயே இறக்குங்க. காலி வண்டியை முன்னாடி விடுங்க. எங்க அண்ணன் சின்ன வயசுலேருந்தே எது அசைஞ்சாலும் கல்லை விட்டு எறியறவன்.”

“நீ யார் பக்கம்?” என்றார் அண்ணன்காரர்.

“சுவத்துப் பக்கம். நீ ஆட்டத்தைப் பாரு.”

டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். நிறுத்தம் இல்லாத இடத்தில் இறக்கப் பணிமனையில் ஒரே ஒரு வழிதான் உண்டு. நோட்டை எடுத்து எழுதினார்: “வண்டி எண் மூன்று, பழுது.” சிப்பாய்கள் தோப்பில் இறங்கினார்கள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு குழு உயிரோடு தரையில் நின்றது.

அதே சுற்றில் காலி லாரியைச் சாலையில் ஓட விட்டார். மச்சான் டாங்கியைத் திருப்பிச் சுட்டார், தவறியது. அடுத்த சுற்றில் லாரி இன்னும் கொஞ்சம் ஓடியது. விடுவாரா, மறுபடி சுட்டார். லாரி போயிற்று. அதற்குள் குழு நடந்தே உச்சிக்கு ஏறிப் பாறைகளுக்குள் பதுங்கிக்கொண்டது. கடைசிச் சுற்றில் பகடை நாலு தடவை உருண்டும் ஒன்றும் ஆகவில்லை. லாரிக்குப் பேர்போன டாங்கி, கல்லுக்குள் படுத்தவனிடம் பல்லிளித்தது.

குன்று டைம்கீப்பருக்கு. அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, “என் வாய்தான் எனக்கு எமன்” என்று சந்துக்குத் திரும்பினாள்.

மச்சானுக்கு மனது ஆறவில்லை. நோட்டைப் புரட்டினார்.

“மாப்பிள்ளை, மூணாம் நம்பர் பழுதுன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“பழுதான வண்டி அப்புறம் ரெண்டு சுத்து ஓடிச்சே?”

டைம்கீப்பர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஓடுகிற வண்டியைப் பழுது என்று பொய்யாக எழுதுவது அவர் பணிமனையில் கொலைக்கு அடுத்த குற்றம். அதற்காக ஓர் ஓட்டுநரைத் தொலைதூரப் பணிமனைக்கு மாற்ற வைத்தவர் இவர்தான். அந்த ஓட்டுநர் வேறு யாருமில்லை, இவருடைய ஒன்றுவிட்ட தம்பி. அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று பதினான்கு வருடம்.

நோட்டை மூடினார். பிறகு எழுந்து உச்சியிலிருந்த குழுவைத் தன் கையாலேயே எடுத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“ஆட்டம் செல்லாது. ரூமை எடுத்துக்கச் சொல்லுங்க.”

“விளையாட்டுக்குத்தான் கேட்டேன் மாப்பிள்ளை.”

“அவனும் அப்ப அப்படித்தான் சொன்னான்.”

மாலைக்குள் மெஷின் உள்ளே வந்தது. மேஜையை மட்டும் துணி வெட்ட ஆகும் என்று அவள் வெளியே விடவில்லை. ஞாயிறு மத்தியானம் வெட்டின துணியை ஓரம் தள்ளி இரண்டு மணி நேரம் இடம் கொடுக்கிறாள். லாரிகளில் ஒன்றில் குண்டூசி, ஒன்றில் பொத்தான்.

மீதியுள்ள லாரியில் அவர் இன்னும் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போகிறார். மச்சான் பகடை உருட்டுகிறார்.

“மறுபடி தோத்துட்டீங்க மாப்பிள்ளை.”

அவர் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்வார்.

“வண்டி டயத்துக்குப் போய்ச் சேந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க.”