பானு அக்கா ஓட்டிய லாரி

பானு அக்கா இறந்த செய்தியை வாசல் செக்யூரிட்டி குமார் அண்ணன் வந்து சொன்னபோது, தி. நகரில் நாம் வேலை செய்யும் துணிக்கடையில், வாடிக்கையாளர்களின் பைகளை வாங்கி வைக்கும் கவுன்டரில் அக்கா இல்லாமல் தனியாக நின்றிருந்தேன். "நேத்து சாயங்காலம் மூச்சு வுட முடியாம தவிச்சிச்சாம். ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சும்மா" என்றார். அந்த நேரம் ஒரு அம்மா தன் கட்டைப்பையை நீட்டினார். வாங்கி வைத்து டோக்கன் கொடுத்தேன். அழக்கூட இல்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அக்காவோடு வேலை செய்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் என் குரலைக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது.

அக்காவின் கேம் மெஷினை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நடுவில் திரை, இரு பக்கமும் பட்டன்கள். பார்க்கத்தான் விளையாட்டுச் சாமான். உள்ளே லினக்ஸ் என்ற சாஃப்ட்வேரில் ஓடும் முழுக் கம்ப்யூட்டர் அது. முதல்முறை கொண்டு வந்த அன்று குமார் அண்ணன் கிண்டல் செய்யாமல் விடவில்லை.

"இன்னா பானு, இந்த வயசுல வெளாட்டு சாமானா?"

"லாரி ஓட்டுறேன் நைனா. லிஃப்ட் வேணுமா?"

பனி பெய்யும் ஏதோ நாட்டில் சரக்கு லாரி ஓட்டும் ஆட்டம் அது. அக்காவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் கூட்டமில்லாத மதியங்களில், லாரி நிறைய மரம் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பார். எனக்கும் ஓட்டத் தருவார். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். ஃபேன் மிக்ஸி மாதிரி இரையும், முதுகுப்பக்கம் சுடும், சார்ஜரை விட்டு வெகுதூரம் போக முடியாது. ஆனால் யாராவது பையோடு வந்தால் மேலே உள்ள பட்டனைத் தட்டினால் போதும், ஆட்டம் அப்படியே தூங்கிவிடும். டோக்கன் கொடுத்துவிட்டு வந்து மறுபடி தட்டினால் லாரி அதே வளைவில் நிற்கும். எங்கள் வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்.

ஒருநாள் ஆட்டம் திறக்க வெகுநேரம் ஆனது. ஏன் என்று கேட்டேன்.

"இந்த கேமுக்கு லினக்ஸ் பாஷ தெரியாது. நடுவுல ஒருத்தன் குந்திகினு, அது சொல்றத இதுக்கு மாத்திச் சொல்லிகினு கீறான். எங்கம்மாவ ரேஷன் கடைக்கு இட்டுகினு போறேன்ல, அதே வேலதான்."

அக்கா வீட்டில் உருது பேசுவார்கள். அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை.

"எல்லாம் கரெக்டா மாத்துவானாக்கா?"

"நான் மட்டும் கரெக்டாவா மாத்துறேன்? எங்கம்மா திட்டுறத அப்டியே சொன்னா அவன் அரிசி போடுவானா?"

எனக்கும் நடுவில் உட்கார்ந்தவர் அக்காதான். ஒரு வாடிக்கையாளர் தன் பை மாறிவிட்டதென்று என்னைப் பார்த்துக் கத்தியபோது நான் வாயடைத்து நின்றேன். அக்கா எழுந்து வந்தார். "பேசலன்னா தப்பு பண்ணிச்சுன்னு அர்த்தமா சார்? அது கூச்சப்படுற பொண்ணு. உங்க டோக்கன எடுங்க, பாப்போம்" என்றார். பை அந்த வாடிக்கையாளர் சொன்ன நிறத்திலேயே மேல்தட்டில் இருந்தது.

சைதாப்பேட்டையில் அக்கா வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க நாம் எல்லோரும் சேர்ந்து போனோம். அக்காவின் தங்கை கணவர் அந்த மெஷினைக் காட்டிச் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். "எப்பப் பாரு இதையே நோண்டிகினு இருக்கும். ரம்மி ஆடிகினு இருந்திருக்கும், வேற இன்னா?"

அக்காவின் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "ஜுவா?" என்று கேட்டார். சூதாட்டமா என்று. அவர் தலையாட்டினார். அதுவரை மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்த அம்மா முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. குமார் அண்ணன் தரையைப் பார்த்தார். அது லாரி என்று எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

அடுத்த விடுமுறையில் தனியாகப் போனேன். அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் பேச ஆரம்பிப்பதற்குள், டவலில் சுற்றி வைத்திருந்த மெஷினைக் கொண்டுவந்து நீட்டினார். "நீ எட்த்துனு போ. வூட்ல வாணாம்."

என் கை நீண்டது. மறைக்க மாட்டேன், எனக்கு அது வேண்டும் போலிருந்தது. வாங்கினால் அந்தப் பொய்யையும் சேர்த்து வாங்குகிறேன் என்று தெரிந்தும் கை நீண்டது. அம்மாவோ பாவத்தைக் கொடுத்து அனுப்புவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஜுவா நை" என்றேன், சூதாட்டம் இல்லை என்று. நான் பேசிய முதல் உருது அதுதான். மேலே வார்த்தை கிடைக்கவில்லை. "லாரி" என்றேன்.

சார்ஜ் முழுதும் இறங்கியிருந்தது. சுவரோரம் செருகிவிட்டுக் காத்திருந்தோம். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். திரை வந்ததும் அக்கா கடைசியாகச் சேமித்த இடத்தைத் திறந்து, மெஷினை அம்மா கையில் வைத்தேன். லாரி நகர்ந்தது, உடனே ஓரத்துக் கம்பியில் இடித்தது. அம்மா பயந்து கையை எடுத்துவிட்டார்.

"பானு இத்த ஓட்ணாளா?"

தலையாட்டினேன்.

"எந்த ஊருக்குப் போறா?"

போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயர் திரையின் மூலையில் ஆங்கில எழுத்தில் இருந்தது. நடுவில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள். நம் எழுத்தில் ஒரு புள்ளிதான் வைப்போம். இரண்டு வைத்தால் எப்படிச் சொல்வதென்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காது சூடாகிவிட்டது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எனக்கு வந்தபடி படித்தேன். அம்மா அதைத் தப்பாகவே திரும்பச் சொன்னார். பிறகு, "பானு அங்க போறா" என்றார். மகளின் பெயர் மறுபடி அவர் வாயில் வந்திருந்தது.

மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அது சூதாட்டம் இல்லை என்று மருமகனிடம் அம்மாவே சொல்லிவிட்டாராம். உங்களில் யாராவது ஒருமுறை போய், நீங்கள் பார்த்ததையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஊரின் பெயர். இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. யாராவது கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் சொல்வேன்.