பூட்டிய வீட்டில் பேச்சுக்குரல்

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நாகவல்லியைத் தெரியாதவர்கள் இல்லை. ரேஷன் கடைக்குப் போனால் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வழியெல்லாம் சிரிக்கவைத்தபடி போவாள். பிறந்த ஊர் நசரத்பேட்டை. கணவன் கஜபதி தொழிற்சாலையில் வெல்டர். ஒரே மகள் பத்மா இரண்டாம் வகுப்பு படித்தாள்.

1986 மழைக்காலத்தில் நாகவல்லி கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கையில் விழுந்தாள். காய்ச்சல் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. காரணம் என்று கைகாட்ட எதுவுமில்லை. எழுந்து குளிப்பதே பெரும்பாடாக இருந்தது. உலை கொதித்துச் சுண்டும்வரை அரிசிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள்.

தை மாதம் குரல்கள் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாற்றலாகிப் போய், அந்த வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டு பெண்கள் பேசினார்கள்.

"இன்னிக்கும் குளிக்கல பாரு. புள்ளயப் பட்டினி போட்டுகினு படுத்துகினு கீறா."

முதலில் யாரோ குடிவந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் அவர்கள் பேசினார்கள். கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டாள். பின்கட்டுக் குழாயைத் திறந்தால் "தண்ணி புடிக்க வந்துட்டா" என்றார்கள். குழாய்ப் பக்கம் போவதை விட்டாள். பிறகு வாசற்கதவைத் திறப்பதையும் விட்டாள்.

கஜபதி அவளை மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு கூட்டிப்போனான். கோயில் கூட்டத்தில் குரல் கேட்பதில்லை என்றாள். வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டது.

கடைசியில் அவன் அலுவலகத்தில் கெஞ்சிப் பக்கத்து வீட்டுச் சாவியை வாங்கிவந்தான். காலியான வீட்டைக் கண்ணால் பார்த்தால் பயம் போய்விடும் என்று நம்பினான். ஒரு சனிக்கிழமை மதியம் இருவரும் உள்ளே போனார்கள். தூசியும், ஆணியில் தொங்கிய பழைய காலண்டரும்தான் இருந்தன. அறை அறையாகக் காட்டினான். அவளும் எல்லாவற்றையும் நின்று பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"இப்ப நம்ம ஊட்ல பேசறாங்க," என்றாள். "பூட்டத் தொறந்துகினு நம்மளத் தேடறா பாருன்னு சொல்றாங்க."

கஜபதி சுவரில் காதை வைத்துக் கேட்டான். ஒன்றுமில்லை. அவள் அந்தத் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி எந்த வீட்டுக்குப் போவது என்று கேட்டாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்குக் கேக்கல நாகு. உனக்குக் கேக்குது. அத்த நம்பறேன்."

அடுத்த வாரம் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் குவார்ட்டர்ஸில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். நசரத்பேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டார். மனச்சோர்வு ரொம்ப ஆழமாகப் போனால் சிலருக்கு இப்படிக் குரல் கேட்கும், இது வியாதி, அவள் செய்த தப்பு எதுவுமில்லை என்றார்.

மாத்திரையில் நாக்கு வறண்டது, கை நடுங்கியது, பகலெல்லாம் தூக்கம் அழுத்தியது. இரண்டு மாதத்தில் குரல்கள் தேய்ந்தன. மனதின் கனம் மட்டும் இறங்கவில்லை. பத்மாவுக்குத் தலைவாரிவிட மறுபடி கை எழுவதற்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அப்போது பக்கத்து வீட்டுக்கு ஜமீலா குடும்பம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே பேச்சு கேட்க ஆரம்பித்தது. எது அவர்கள் பேச்சு, எது தன் தலைக்குள் வருவது என்று நாகவல்லிக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பதினைந்து நாள் போர்வைக்குள் கிடந்தாள். பதினாறாம் நாள் போய்க் கதவைத் தட்டினாள்.

"இப்ப என்னப் பத்தி எதுனா பேசினீங்களா?"

ஜமீலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்லக்கா. அரிசில கல்லு கீதுன்னு அவர்கிட்ட சொல்லிகினு இருந்தேன்."

அதற்குப் பிறகும் பலமுறை போய்க் கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று ஜமீலா விசாரித்ததில்லை. பேசியிருந்தால் பேசினேன் என்பாள், இல்லாவிட்டால் இல்லை என்பாள்.

1993இல் குணமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாம் வாரமே குரல்கள் வந்துவிட்டன. மறுபடி கீழ்ப்பாக்கம், மறுபடி வறண்ட நாக்கு. பத்மா பத்தாவது எழுதிய வருஷம்கூட, கதவு திறந்தே இருந்தும் வாசலைத் தாண்ட முடியாத நாட்கள் அவளுக்கு இருந்தன. அப்படிப்பட்ட நாட்களில் கஜபதி லீவு போட்டுவிட்டு, சோறு வடித்து, அவள் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பான்.