ஒரே வீட்டுச் சத்தியங்கள்

ஜெர்மன்காரர் மணலில் குச்சியால் கோடு கீறியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனையிறவுக்குத் தெற்கே கண்ணிவெடி அகற்றிய எங்கள் பெண்கள் அணிக்கு, முன்பு படைவீரராக இருந்த அவர் தொழில்நுட்ப ஆலோசகர். 'சேர்' என்போம். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்குவது என் பொறுப்பு.

அன்று தேநீர் நேரத்தில் கொட்டிலில் கூடியிருந்தோம். எங்கள் மருத்துவ உதவியாளர் மாற்றலாகிப் போய்விட்டார். மருத்துவ உதவியாளர் இல்லாமல் வெடிநிலத்தில் கால்வைக்க முடியாது. புதிதாக வரவிருந்தவர் தென்பகுதிச் சிங்களவர், முன்னாள் இராணுவ மருத்துவப் பிரிவுக்காரர். எங்கள் அணித்தலைவி அக்காவோ ஒரே தம்பியைப் போரில் இழந்தவர். அவருடைய கண்ணை நம்பித்தான் நாங்கள் பயமில்லாமல் வேலை செய்தோம்.

"அவர் வந்தால் நான் நிக்கமாட்டன். சேரும் ஆமிக்காரன்தானே, அவருக்கு இது விளங்காது," என்றார் அக்கா.

நான் மொழிபெயர்த்ததும் சேர் சிரித்தார். "எந்த ஆமி என்பதுதான் சிக்கல்," என்று, தன் வீட்டார் செய்த ஒவ்வொரு படைச் சத்தியத்துக்கும் ஒன்றாக, முதல் கோட்டைக் கீறினார். அவருடைய பூட்டனார் ஜெர்மன் பேரரசருக்குச் சத்தியம் செய்தவர். பாட்டனார், பேரரசர் போனபின் வந்த குடியரசின் சிறிய படையில் சேர்ந்தார். பிறகு அதே படை ஹிட்லர் என்ற தனி ஆளின் பெயரில் சத்தியம் செய்தது. அந்தப் படை செய்த கொலைகளைப் பற்றிப் பாட்டனார் வீட்டில் வாயே திறந்ததில்லையாம். நாடு இரண்டானபின் தகப்பன் கிழக்கு ஜெர்மனியின் படையில். சேரும் அங்கேதான் தொடங்கினார். நாடு ஒன்றானபோது, எதிரி என்று படித்த மேற்கின் உடுப்பைப் போட்டு, மறுபடி சத்தியம்.

"ஒரு வீட்டுக்குள்ள இவ்வளவு சத்தியமோ! கற்பூரம் அணைச்சு ஒருக்காச் சத்தியம் பண்ணவே நாங்கள் கன நாள் யோசிப்பம்," என்றார் அக்கா. பிறகு, "மற்றப் பக்கத்து ஆக்களோட முதல் என்ன கதைச்சனீங்கள்?"

"கன நாள் ஒண்டும் கதைக்கேல்லை. தனியத்தான் சாப்பிட்டனான். ஒருநாள் ஒருத்தர் பக்கத்தில வந்திருந்து, உருளைக்கிழங்கு அவியேல்லை எண்டார். நானும் ஓம் எண்டனான்," என்று சேரின் பதிலைத் தமிழாக்கினேன்.

அக்கா சிரிக்கவில்லை. சேரும் புத்தி சொல்லவில்லை. சேர் எழுந்து தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

வேலை முடிந்து சேர் தன் ஊருக்குப் போய்விட்டார். அந்த நிலத்தில் இப்போது கச்சான் கடலை விளைகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது புதியவர் வந்த காலைதான். வேலைக்கு இறங்குமுன் எல்லோருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும், முதலில் தலைவிக்கு. புதியவர் கருவியோடு காத்திருந்தார். நாங்கள் அக்காவைப் பார்த்தபடி நின்றோம். அக்கா மெதுவாகப் போய்க் கதிரையில் அமர்ந்து, சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

புதியவர் கருவியின் முள்ளைப் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் தயங்கிச் சொன்னார்: "அக்கா, பிரஷர் கொஞ்சம் கூட."

"கூடாமல் வேற என்ன செய்யும், தம்பி?"