சரியாக வராததைக் கொண்டுவந்த தமிழரசி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை நம் தையல் வாட்ஸ்அப் குழுவில் தமிழரசி அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. அடுப்பில் பால் பொங்கும் நேரம். அக்கா படுக்கையில் இருந்தபடியே ஏதாவது பழைய படம் அனுப்பியிருப்பார், கோணிப்போன தையலோ அளவு தப்பிய துண்டோ, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காபி குடித்த பிறகு எடுத்துப் பார்த்தால், எழுதியிருந்தது அவருடைய மகள். "அம்மா இன்னைக்கு விடியக்காலையில தவறிட்டாங்க. தையல் சிநேகிதிங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க."

கும்பகோணத்திலிருந்து அக்காவின் ஊரான வலங்கைமானுக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. நடவு வாரங்களில் அக்கா நம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரமாட்டார். இந்த வாரமும் அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ள மனம் இடம் தேடியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அக்காவும் கணவர் கலியபெருமாளும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, குத்தகைக்கும் எடுத்துப் பயிர் செய்தார்கள். ஓய்வுக்குப் பிறகு செல்போன் வீடியோக்களைப் பார்த்து குயில்ட் தைக்கக் கற்றுக்கொண்டார். துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. அவ்வளவுதான் நம் பைத்தியம். ஊரில் யாராவது அக்காவைத் தேடி வந்தால், "கும்பகோணத்துல குயில் கிளாஸுக்குப் போயிருக்கு" என்பாராம் அவர் கணவர். "குயில் இல்லங்க, குயில்ட்டுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. இப்ப எதிர்வீட்டுல நான் பாட்டு கத்துக்கறேன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்று ஒருநாள் அக்கா சொன்னபோது, சிரித்த சிரிப்பில் ஒருத்தி விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள்.

எங்கள் வீட்டு மாடியில் முதன்முதலாகக் கூடிய அன்று எல்லோரும் தங்கள் கைவேலையில் சிறந்ததைக் கொண்டுவந்திருந்தோம். இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல். அக்கா மட்டும் ஒரு மஞ்சள் பையிலிருந்து சுருக்கம் சுருக்கமாக ஒன்றை எடுத்து விரித்தார். ஓரமெல்லாம் நெளிந்து, நடுவில் மேடு தட்டியிருந்தது. "இதைத் தரையில போட்டா தண்ணி தேங்கும்" என்றார். வேறு நல்லதாக இல்லையா என்று நான் கேட்டுவிட்டேன். "நல்லா வந்ததை வீட்டிலேயே நாம பாத்துக்கறோம் சுமதி. வராததுக்குத்தான் நாலு பேரு வேணும்" என்றார். அடுத்த சனிக்கிழமை எல்லோருடைய பையிலிருந்தும், பீரோவின் அடியில் ஒளித்து வைத்திருந்தவை வெளியே வந்தன. நாம் உண்மையில் சிநேகிதிகளானது அந்த வாரம்தான்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகளுக்காக ஆறேழு மாதம் உட்கார்ந்து ஒரு போர்வை தைத்தேன். வெள்ளையும் சிவப்புச் சுங்குடியும் மாற்றி மாற்றி. சிவப்பைத் தைக்குமுன் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. முதல் அலசலிலேயே சாயம் இறங்கி, வெள்ளைக் கட்டங்களெல்லாம் திட்டுத்திட்டாக ரோஸ் நிறமாகிவிட்டன. குழுவில் நான் போட்ட படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும், அதுவும் ஒரு அழகுதான் என்று எழுதினார்கள். அக்கா ஒன்றும் எழுதவில்லை. மத்தியானம் பஸ் ஏறி வந்துவிட்டார். ஈரப் போர்வையைக் கையில் தூக்கிப் பார்த்து, "கெட்டுப்போச்சுதான்" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு இருவரும் உட்கார்ந்து, மோசமாகக் கறைபட்ட கட்டங்களை மட்டும் பிரித்து, வேறு துணி வைத்துத் தைத்தோம். மீதிக் கறை இன்றும் இருக்கிறது.

இந்த ஒளிவுமறைவில்லாத பேச்சு ஒருமுறை அக்காவையே கலங்க வைத்தது. மயிலாடுதுறையிலிருந்து வரும் விமலா, இறந்துபோன தன் கணவரின் சட்டைகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்து எடுத்துவந்தாள். சட்டைப் பைகளைக்கூட அப்படியே விட்டிருந்தாள். நாங்கள் அந்தப் பைகளைத் தடவிப் பார்த்தோம். அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல தையலே ஓடலையே விமலா. ஒரு தடவை தொவைச்சாத் தாங்காது, பஞ்செல்லாம் உருண்டு மூலைக்குப் போயிடும்" என்றார். விமலா போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். சாயங்காலம் குழுவிலிருந்தும் விலகிவிட்டாள்.

அக்கா கூப்பிட்டுப் பார்த்தார், விமலா எடுக்கவில்லை. மறுவாரம் என்னையும் அழைத்துக்கொண்டு மயிலாடுதுறைக்குப் போனார். விமலா கதவைத் திறந்தாள், காபி கொடுத்தாள், தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு நான் போர்வையைத்தான் பாத்தேன், உங்களைப் பாக்கல. மன்னிச்சுக்குங்க."

"நீங்க சொன்னது எனக்கும் தெரியும்க்கா" என்றாள் விமலா. "நடுவுல தைக்கணும்னு வீடியோவுலயும் சொல்றாங்க. அவரு சட்டை மேல ஊசியைக் குத்தக் கை வரல."

பிறகு அக்கா போர்வையைக் கொண்டுவரச் சொல்லி, மடியில் விரித்து, இரண்டு சட்டைத் துணிகள் சேரும் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "இங்க நீங்க ஏற்கெனவே தைச்சிருக்கீங்கல்ல. அந்தத் தையல் மேலேயே திரும்ப ஓட்டிக்கிட்டுப் போவோம். சட்டையில புதுசா ஒரு ஓட்டையும் விழாது. பஞ்சும் நிக்கும்."

விமலா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் நூல்கண்டை எடுத்துவந்தாள். முதல் தையலை அவளே போட்டாள். நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தார். "வேலையில இருந்தப்பவும் இப்படித்தான் சுமதி. பிள்ளைக்கு எடை போடுவேன், தாய்க்கு மாத்திரை கொடுப்பேன், என்ன செய்யணும்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன். அவங்க வாசல்லயே நிப்பாங்க. இன்னும் ஏதோ சொல்ல நின்னிருக்காங்கன்னு இப்பத்தான் தோணுது."

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு பழக்கம் வந்தது. நம்மில் யார் எந்தக் குறையைச் சொன்னாலும், முதலில் ஒரு கேள்வி கேட்பார். "வழி சொல்லணுமா, கேட்டுக்கிட்டாப் போதுமா?" ஆரம்பத்தில் நாம் கேலி செய்தோம். பிறகு நாமே, "அக்கா, இது வெறும் கேக்கறதுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கத் தொடங்கினோம். தையல் மெஷினில் ஆரம்பித்த பேச்சு மாமியாரில் போய் நின்ற நாட்கள் எத்தனையோ.

பிறகு அக்கா நோயில் படுத்தார். அது முற்றியதும் நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊசி பிடிக்கும் தெம்பில்லை. இந்த மாதம் யாருக்கு என்ன சொதப்பியது என்று கேட்டார். எல்லாம் நன்றாகப் போகிறது என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னோம். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உடம்புக்குத்தான் முடியல. காது நல்லாத்தான் இருக்கு" என்றார். விமலாதான் முதலில் வாயைத் திறந்தாள். பேத்திக்கென்று ஆரம்பித்த போர்வையை அளவெடுக்காமலே தைத்துக்கொண்டு போனதில், அது கட்டிலையும் தாண்டி வளர்ந்துவிட்டதாம். அக்கா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அதன்பின் ஒவ்வொருத்தியாகச் சொன்னோம். கலியபெருமாள் அண்ணன் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வாங்கம்மா. இன்னைக்கு ரெண்டு வாய் கூடுதலா சாப்பிட்டுச்சு" என்றார். அடுத்த வாரம் போனோம். அதற்கடுத்த வாரம்தான் அந்தச் செய்தி.

அக்கா தைத்த எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. அவையெல்லாம் மகளிடம் இருக்கட்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். ஆபீஸில் ஒரு கஷ்டம் என்று ஆரம்பித்தால் போதும், இப்படிச் செய், அப்படிச் செய் என்று நான் தொடங்கிவிடுவேன். "சரிம்மா, வெச்சிடறேன்" என்பாள். சென்ற ஞாயிறு அவள் ஆரம்பித்தபோது, "வழி சொல்லணுமா, கேட்டுக்கிட்டாப் போதுமா?" என்று கேட்டேன்.

"கேட்டுக்கிட்டாப் போதும்மா" என்றாள்.

பேசினாள். வேலையைப் பற்றி, தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி, எனக்கு இதுவரை தெரியாத பலவற்றைப் பற்றி. யோசனைகள் நாக்கு நுனிவரை வரத்தான் செய்தன. ஒன்றையும் சொல்லவில்லை. முடிவில் அவள், "நாளைக்கும் கூப்பிடறேம்மா" என்றாள்.