கவ்வாத்துச் சாமியின் கருங்கோடு

அன்று காலை தேயிலைத் தோட்டத்தின் எட்டாம் நம்பர் மலையில் இருந்தவர்கள்: கங்காணி. கவ்வாத்தில் எங்களுக்கெல்லாம் மூத்த பெரியப்பா. என் மச்சான். கைக்குழந்தைக்குத் தகப்பனான என் தங்கச்சி மகன். நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மிஸ். அப்புறம் சாமி.

சாமி என்பது ஒரு கல். தேயிலைச் செடியைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் மலையின் தலைமாட்டில் அதை நட்டு, மஞ்சள் பூசி, கத்திகளை முன்னால் வைத்துச் சூடம் கொளுத்துவோம். பிறகு வெட்டுகிறவர்கள் கைகளை விரித்துக் காட்டுவோம். கங்காணி விரல்களை எண்ணுவார். மலை வெட்டி முடிந்ததும் திரும்ப எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் கும்பிடு அவ்வளவுதான்.

வெட்டுகிறவர்கள் நாலு பேர். எனக்கு இடது சுண்டுவிரல் இல்லை. இந்தக் கல் வருவதற்கு முந்திய வருஷம் போனது. கல் வந்த பிறகு யாருக்கும் போகவில்லை.

கங்காணி எண்ணி முடித்தார். "முப்பத்தொன்பது."

மிஸ்ஸின் பையில் சுத்தியல் இருந்தது. அவர் கல்லைப் பற்றி ஆராய்ந்து படிப்பவர். ரோட்டுக்காக மலையை வெட்டியபோது கிடைத்தது எங்கள் கல். அந்த இடம் பிறகு சரிந்தது. இப்போது அந்த இடம் கொங்கிறீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. எங்கள் வெள்ளைக் கல்லின் குறுக்கே பென்சில் தடிப்பில் ஒரு கருங்கோடு. அந்தக் கோட்டைத்தான் அவர் ரெண்டு வருஷமாகத் தேடியிருக்கிறார். வேறெங்கும் கிடைக்கவில்லை.

"ஒரு விரலளவு துண்டு போதும் அண்ணை. பின்பக்கத்தில எடுக்கிறன்" என்றார்.

மச்சான் சிரித்தார். "விரலா? இங்க விரலுக்குத்தாங்க பஞ்சம். இந்த மனுசன்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு கொறையுது."

பெரியப்பா சிரிக்கவில்லை. "ஒடைச்ச கல்ல சாமியா வைக்க முடியாதும்மா. அப்புறம் இவனுங்க கத்திய எதுக்கு முன்னால வைப்பானுங்க?"

"அந்தக் கோட்டுல அப்படி என்னாங்க மிஸ் இருக்கு?" என்று தங்கச்சி மகன் கேட்டான்.

மிஸ் சொன்னார். இந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் சேறும் மணலுமாகக் கிடந்ததாம். வானத்திலிருந்து மலையளவு கல் ஒன்று எங்கோ விழுந்ததாம். விழுந்த சூட்டில் பாறை உருகி, மேலே தெறித்து, துளித்துளியாகக் கண்ணாடி மணி போல உறைந்து, உலகம் முழுக்க மழையாகப் பெய்ததாம். மணிகள் கடலுக்குள் மெல்ல இறங்கிச் சேற்றின் மேல் மெல்லிய அடுக்காக, ஒரு படையாகப் படிந்தன. அதன் மேல் மறுபடி மணல். பிறகு எல்லாம் பூமிக்குள் போய், வெந்து, பாறையாகி மேலே வந்தது.

"இது அந்தப் படைதானோ எண்டு தெரியாது. வெந்ததில எல்லாம் அழிஞ்சும் இருக்கலாம். மெல்லிசா அறுத்துப் பாத்தால்தான் சொல்லலாம்."

பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மலை முடியட்டும். விரல் சரியா இருந்தா சாமிக்கு சம்மதம். சாமியே குடுத்தா அது ஒடைச்ச கல்லாகாது. ஒண்ணு கொறஞ்சாலும் தொடக் கூடாது."

"அப்ப கவனமா வெட்டுங்கோ" என்றார் மிஸ்.

"என் பொண்டாட்டிகூட இப்படி கவலப்பட்டதில்லைங்க" என்றார் மச்சான்.

வெட்டினோம். அது பனி இறங்கும் மாதம். கீழே நாங்கள் குடியிருக்கும் லயம் தெரியாது. பக்கத்து ஆளும் தெரியாது. கத்திச் சத்தம் மட்டும் வரும். கடலை ஒரு தடவை கொழும்பில் பார்த்திருக்கிறேன், கரையில் நின்று. இப்போது அதன் அடியில் நிற்பது போல இருந்தது. வெட்டிய செடிகள் பாசி போல நின்றன. மச்சான் பனிக்குள் நீந்தி வந்து, வெற்றிலை கேட்டுவிட்டு, நீந்திப் போனார். தூறல் விழும்போதெல்லாம் மேலே பார்த்தேன். மணி மணியாக இறங்கியது. சத்தமே இல்லை. ஏதோ பெரியது எங்கோ விழுந்து முடிந்துவிட்டது, அது விழுந்த சேதி இப்போதுதான் வந்து சேர்கிறது என்று பட்டது. கத்தியை நிறுத்திவிட்டு நின்றேன். அப்புறம் வெட்டினேன்.

மிஸ் தினமும் தான் தங்கியிருந்த நோர்வூட்டிலிருந்து வருவார். சாமியிடமிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பார். கிட்டே போனதில்லை.

கடைசி நாள், கடைசி வரிசை. "மாமா" என்று ஒரு குரல். பனிக்குள் போய்ப் பார்த்தேன். தங்கச்சி மகன் இடது கையை மடியில் பொத்தி உட்கார்ந்திருந்தான். ஈரத்தில் கத்தி வழுக்கி ஆள்காட்டி விரலில் இறங்கியிருந்தது. எலும்பு தெரிந்தது.

எனக்கு முன்னால் மிஸ் ஓடிவந்தார். சால்வையை அவிழ்த்துக் கட்டினார். தன் ஜீப்பிலேயே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மீதி வரிசையை நாங்கள் வெட்டி முடித்தோம்.

சாயந்தரம் தங்கச்சி மகன் போனில் பேசினான். "தச்சிருக்காங்க மாமா. தங்குமா எடுக்கணுமான்னு பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம். எடுத்துட்டா கத்தி பிடிக்க முடியுமா மாமா?"

"புடிக்கலாம்" என்றேன். என் கையைப் பார்த்துக்கொண்டேன். எனக்குப் போனது சுண்டுவிரல்.

மிஸ்ஸின் லீவு முடிந்திருந்தது. அவர் போகவில்லை. கல்லும் மலையிலேயே இருந்தது. எண்ணாமல் எடுக்கக் கூடாது. வேலை முடிந்து போகும்போதெல்லாம் அதன் பக்கத்தில் கொஞ்சம் உட்காருவேன். பனி வந்து மூடும். மஞ்சளும் வெள்ளையும் மறையும். கருங்கோடு மட்டும் தெரிவது போல இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை தங்கச்சி மகன் மலையேறி வந்தான். கட்டு, இலைமேல் இலை சுற்றிய கோவா போல உருண்டு இருந்தது. பின்னால் மிஸ், வெறுங்கையோடு.

"சுத்தியல் எங்கங்க மிஸ்?" என்றார் மச்சான்.

"முதல்ல எண்ணட்டும்" என்றார்.

வரிசையாக நின்றோம். கைகளை விரித்தோம். கங்காணி பெரியப்பாவிடம் தொடங்கினார். மச்சான். நான். பிறகு அவன். கட்டுக்கு வெளியே நுனிகள் தெரிந்தன. ஆள்காட்டி விரலின் நுனி வெளுத்து, வீங்கி இருந்தது. பெரியப்பா குனிந்து, அதை லேசாகத் தொட்டார்.

"வலிக்குது பெரியப்பா" என்றான்.

கங்காணி எண்ணி முடித்தார்.

முப்பத்தொன்பது.